மெஷினுக்கு நடுக்கம் வந்தால்...

குழந்தைகளே! விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால், வழியில் தெரியும் கடை போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே வருவீர்கள், இல்லையா? டீக்கடை, டயர் கடை, சிமென்ட் கடை... நடுநடுவே 'லேத் ஒர்க்ஸ்' என்றும் ஒரு போர்டு கண்ணில் படும்.

அந்தப் பட்டறைகளில் என்ன நடக்கிறது தெரியுமா? டிராக்டரில் உடைந்த பாகம், ரைஸ் மில்லில் தேய்ந்த ஷாஃப்ட், பம்புசெட்டில் பல் போன சக்கரம் என்று எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இரும்பைக் கடைந்து, செதுக்கி, துளை போட்டு, புதுசாக்கித் தருவார்கள்.

இதில் ஓர் அவசரமும் உண்டு. விழுப்புரம் பக்கம் கரும்பு அதிகம். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. வெட்டிய கரும்பைக் காக்க வைத்தால், நாளாக ஆக அதில் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். கரும்பு ஏற்றும் டிராக்டரில் ஒரு சக்கரம் உடைந்து நின்றால், நஷ்டம் விவசாயிக்குத்தான். ஆகவே பாகம் சீக்கிரம் வேண்டும். அளவும் மயிரிழை தவறக்கூடாது.

மயிரிழை என்பது சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். நல்ல மெஷின் அதைவிடச் சின்ன தப்பைக்கூட விடாது. அப்படி ஒரு மெஷினின் கதைதான் இது.

மேசை நகரும், கத்தி சுழலும்

லேத்தில் இரும்புத் துண்டு சுழலும், கத்தி நகரும். மில்லிங் மெஷினில் இதற்கு நேர் எதிர். கத்தி சுழலும், இரும்புத் துண்டை இறுக்கி வைத்திருக்கும் மேசை இடது, வலது, முன், பின் என்று நகரும். மேல், கீழ் அசைவும் உண்டு. மேசையை எவ்வளவு சரியாக நகர்த்துகிறோமோ, அவ்வளவு சரியாக இரும்பு செதுக்கப்படும்.

பழைய மில்லிங் மெஷினில் இதற்குக் கைப்பிடிச் சக்கரம் இருக்கும். கையால் சுற்றிச் சுற்றித்தான் மேசையை நகர்த்த வேண்டும். சி.என்.சி. மெஷினில் கை வேலை இல்லை. மோட்டார் சுற்றும். எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். சி.என்.சி. என்றால் 'கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல்'. எண்களைக் கொடுத்து மெஷினை ஓட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இளசு, மூளை கிழடு!

மெஷின்களில் ஒரு வேடிக்கை உண்டு. நமக்கு வயதானால் முதலில் முழங்கால் வலிக்கும். சி.என்.சி. மெஷினுக்கோ முதலில் மூளைதான் போகும்!

அதன் உடம்பு கனமான வார்ப்பிரும்பு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது, நாற்பது வருடம் ஆனாலும் அசையாமல் நிற்கும். ஆனால், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் அட்டைகள் அப்படி இல்லை. ஒரு சிப் கெட்டுப்போனால் மாற்றுச் சிப் கிடைக்காது. அதைத் தயாரிப்பதையே நிறுத்தியிருப்பார்கள். உடனே என்ன செய்வார்கள்? 'எடைக்குப் போடு' என்று பல மெஷின்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால், சில பட்டறைக்காரர்கள் விடமாட்டார்கள். பழைய மூளையைக் கழற்றிவிட்டு, புதிய மூளையைப் பொருத்துவார்கள். உடம்பு அதேதான், மூளை மட்டும் புதுசு. இதற்கு 'ரெட்ரோஃபிட்' என்று பெயர். புது சி.என்.சி. மெஷின் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ரெட்ரோஃபிட் செய்தால் அதைவிடக் குறைந்த செலவில் வேலை முடிந்துவிடும். சாதாரண கம்ப்யூட்டரையே மெஷினுக்கு மூளையாக்கும் இலவச மென்பொருள்கூட இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகம் 1990களில் தொடங்கிய வேலை அது. இன்று 'லினக்ஸ் சி.என்.சி.' என்ற பெயரில் உலகம் முழுவதும் பயன்படுகிறது.

சரி, மூளையைப் பொருத்தியாயிற்று. ஸ்விட்சைப் போட்டால் மெஷின் ஓடிவிடுமா? ஓடாது! நடுங்கும், பாடும், சில சமயம் தாறுமாறாகப் பாயும். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

சொன்னதைச் செய்யும் சர்வோ

மேசையை நகர்த்தும் மோட்டாருக்கு 'சர்வோ மோட்டார்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'சர்வஸ்' என்றால் அடிமை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் மோட்டார் என்பதால் இந்தப் பெயர்.

நம் வீட்டு மின்விசிறியிலும் மோட்டார்தான் இருக்கிறது. ஆனால், அது எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்கே தெரியாது. சர்வோ மோட்டாருக்குத் தெரியும். அதன் முதுகில் 'என்கோடர்' என்ற சின்னக் கருவி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றை 10,000 பங்காகப் பிரித்து எண்ணுகிற என்கோடர்கள் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால், திருகுத்தண்டு மேசையை 5 மில்லிமீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டரை 10,000 ஆல் வகுத்தால்? 0.0005 மில்லிமீட்டர்! ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் 140 எண்ணிக்கை அடங்கிவிடும். அடேயப்பா!

கம்ப்யூட்டர், 'இந்த இடத்துக்குப் போ' என்று சொல்கிறது. என்கோடர், 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. அந்தப் பிழையைக் குறைக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஆனால், அதன் குரல் ரொம்ப மெலிசு. அதிகபட்சம் 10 வோல்ட்தான். அதை வைத்து மோட்டாரைச் சுற்ற முடியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். மெல்லிய குரலைக் கேட்டு, மோட்டாருக்குப் பலமான மின்சாரத்தை அனுப்பும் ஆள். கோயில் திருவிழாவில் பேசுபவரின் குரலை ஊருக்கே கேட்க வைக்க 'ஆம்ப்ளிஃபயர்' வைப்பார்களே, அதே போலத்தான். இதன் பெயர் 'சர்வோ ஆம்ப்ளிஃபயர்'.

இந்த ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்குவதுதான் 'ட்யூனிங்'. வீணையைச் சுருதி சேர்ப்பது மாதிரி!

திண்டிவனத்தில் ரயில் நிறுத்துவோமா?

ட்யூனிங் என்றால் என்ன என்று புரிய, நீங்கள் ரயில் ஓட்டுநர் ஆக வேண்டும். தயாரா?

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலைக் கிளப்புகிறீர்கள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எல்லாம் தாண்டியாயிற்று. திண்டிவனம் பிளாட்பாரத்தில், மஞ்சள் போர்டுக்கு நேராக எஞ்சின் நிற்க வேண்டும். ஒரு அடிகூடத் தள்ளி நிற்கக்கூடாது.

முதல் விதி: தூரம் அதிகமானால் வேகம் அதிகம், தூரம் குறையக் குறைய வேகத்தையும் குறை. எளிமையான விதி. ஆனால், ரொம்பப் பயந்து ஓட்டினால் போர்டு வரை ஊர்ந்து ஊர்ந்து போவீர்கள். பயணிகள் கத்துவார்கள். ரொம்பத் துணிச்சலாக ஓட்டினால், பிரேக் பிடிப்பதற்குள் போர்டைத் தாண்டிவிடுவீர்கள். பின்னால் வருவீர்கள். மறுபடி தாண்டுவீர்கள். ரயில் முன்னும் பின்னும் ஆடும்!

இரண்டாம் விதி: போர்டு எவ்வளவு வேகமாக நெருங்கி வருகிறது என்று பார். வேகமாக வந்தால் முன்கூட்டியே பிரேக் பிடி. இந்த விதி ஆட்டத்தை அடக்கும்.

மூன்றாம் விதி: தண்டவாளம் லேசாக மேடாக இருக்கிறது. ரயில் போர்டுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. தூரம் கொஞ்சம்தான் என்பதால் முதல் விதி கொடுக்கும் தள்ளு போதவில்லை. என்ன செய்வது? 'இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை' என்று நேரம் போகப் போகத் தள்ளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் நகர்ந்து வந்துவிடும்.

இந்த மூன்று விதிகளையும் பொறியாளர்கள் 'பி', 'டி', 'ஐ' என்று அழைக்கிறார்கள். மூன்றும் சேர்ந்தால் 'பி.ஐ.டி.' மூன்றையும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். சாம்பாருக்கு உப்பு, புளி, காரம் மாதிரி. மூன்றும் வேண்டும். ஒன்று கூடினாலும் போச்சு!

மெஷின் ஏன் பாடுகிறது?

முதல் விதியை அளவுக்கு மீறிக் கூட்டினால் மோட்டார் 'ங்ங்ங்...' என்று பாட ஆரம்பிக்கும். ஏன் தெரியுமா?

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஆடுகிற ஊஞ்சலை நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் பிடித்துத் தள்ள வேண்டும். ஆனால், நீங்கள் தாமதமாகத் தள்ளினால்? ஊஞ்சல் அதற்குள் திரும்பியிருக்கும். உங்கள் தள்ளு அதற்கு உதவியாகப் போய், ஆட்டம் இன்னும் கூடும்.

மெஷினிலும் இதே கதை. மேசை கனமானது, உடனே நகராது. பெல்ட்டும் திருகுத்தண்டும் துளி நீண்டு, துளி முறுக்கிக்கொள்ளும். அதனால் மோட்டார் செய்த திருத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிடும். இப்படியே ஒரு வினாடிக்கு நூறு தடவை அதிர்ந்தால், அதுதான் நம் காதில் 'ஹம்ம்' என்று கேட்கும். அதே நிலையில் இரும்பைச் செதுக்கினால், பளபளவென்று வர வேண்டிய பரப்பில் சீப்பால் இழுத்த மாதிரி வரிகள் விழும்.

அனுபவம் உள்ள மெக்கானிக்குக் காது கூர்மையாக இருக்கும். சத்தத்தை வைத்தே, 'கொஞ்சம் குறைக்கணும்' என்று சொல்லிவிடுவார்.

குட்டித் திருப்புளி வைத்தியம்

பழைய வகை சர்வோ ஆம்ப்ளிஃபயரில் கடுகளவு திருகுகள் சில இருக்கும். குட்டித் திருப்புளியால் அவற்றைத் திருப்பித்தான் ட்யூன் செய்வார்கள். எப்படி என்று பார்ப்போமா?

முதல் வேலை, மோட்டாரை மேசையிலிருந்து பிரித்து வைப்பது. காரணம் இருக்கிறது. என்கோடர் ஒயர்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால், மோட்டார் வலது பக்கம் போகும்போது 'இடது பக்கம் போகிறேன்' என்று சொல்லும். கம்ப்யூட்டர் 'ஐயோ, தப்பு!' என்று வலது பக்கம் இன்னும் வேகமாகத் தள்ளும். தப்பைத் திருத்துவதற்குப் பதில் தப்பு பெருகிக்கொண்டே போகும். ஒரு நொடியில் மோட்டார் முழு வேகத்தில் பாய்ந்துவிடும். மேசையோடு சேர்த்து மாட்டியிருந்தால், நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு ஓரத்தில் போய் மோதும். குறுக்கே கை இருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் பக்கத்திலேயே ஒருவர் நிற்பார்.

இரண்டாவது, பூஜ்யம் வைப்பது. கம்ப்யூட்டர் 0 வோல்ட் கொடுக்கும்போது மோட்டார் அசையாமல் நிற்க வேண்டும். சில சமயம் ஆமை மாதிரி மெதுவாக ஊரும். 'ஆஃப்செட்' திருகைத் திருப்பி ஊர்வதை நிறுத்துவார்கள்.

மூன்றாவது, வேகம். 10 வோல்ட்டுக்கு முழு வேகம் என்றால், 5 வோல்ட்டுக்குச் சரியாகப் பாதி வேகம் வர வேண்டும்.

நான்காவது, மோட்டாரை மேசையோடு இணைத்து, 'கெய்ன்' திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. மெஷின் பாட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, பாட்டு அடங்கி இன்னும் கொஞ்சம் வரை குறைத்துவிடுவார்கள். விளிம்பிலேயே விட்டுவைக்கக் கூடாது. நாளைக்கு மேசையில் கனமான இரும்பை ஏற்றினால் நிலைமை மாறிவிடும்.

கடைசியாக, கம்ப்யூட்டரில் பி, டி, ஐ மூன்றுக்கும் எண்கள் கொடுப்பது. ஒரே நேரத்தில் ஒரு எண்ணை மட்டும்தான் மாற்றுவார்கள். இரண்டை மாற்றினால், எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்றே தெரியாது. இது எல்லா ஆராய்ச்சிக்கும் பொருந்துகிற பாடம்!

பசுவும் கன்றும்

இன்னொரு சிக்கலும் உண்டு. ரயில் கதையில் ஸ்டேஷன் ஒரே இடத்தில் நின்றது. ஆனால், மெஷினுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். பசு முன்னே போக, கன்று பின்னே ஓடுவது போல, மேசை எப்போதும் இலக்குக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். நிமிடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒரு மில்லிமீட்டர் பின்தங்கும் மெஷின்கள்கூட உண்டு.

பின்தங்கினால் என்ன? மூலையில் தெரிந்துவிடும். இடது-வலது மோட்டார் தன் ஓட்டத்தை முடிக்கும் முன்பே முன்-பின் மோட்டார் கிளம்பிவிடும். கூர்மையாக வர வேண்டிய மூலை மழுங்கிவிடும்!

அதனால் கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்யும். பசு எந்த வேகத்தில் போகப்போகிறது என்பதைக் கன்றின் காதில் முன்பே சொல்லிவிடும். பிழை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு 'ஃபீட் ஃபார்வர்டு' என்று பெயர். அப்படியும் கன்று ரொம்பப் பின்தங்கினால், ஏதோ ஆபத்து என்று புரிந்துகொண்டு கம்ப்யூட்டர் மெஷினையே நிறுத்திவிடும்.

வட்டம் சொல்லும் ரகசியம்

ட்யூனிங் சரியா என்று கண்டுபிடிக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. மெஷினை ஒரு வட்டம் போடச் சொன்னால் போதும்! வட்டம் போட இரண்டு மோட்டார்களும் கைகோத்து ஓட வேண்டும்.

ஒரு மோட்டார் சுறுசுறுப்பாகவும் இன்னொன்று சோம்பலாகவும் இருந்தால், வட்டம் சாய்ந்த முட்டை மாதிரி வரும். இரண்டுமே சோம்பலாக இருந்தால், வட்டம் வட்டமாகவே வரும். ஆனால் அளவில் சின்னதாகிவிடும். திருகுத்தண்டில் தேய்மானம் இருந்து 'பிளே' விழுந்திருந்தால், வட்டத்தின் நான்கு பக்கமும், திசை மாறும் இடங்களில், சின்னப் படி தெரியும். இந்த நோய்க்கு ட்யூனிங் மருந்து இல்லை. தேய்ந்த பாகத்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

கரும்பு ஜூஸ் கடையில் ஒரு விஞ்ஞானி!

தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் மெஷின் புதுசு ஒன்றும் இல்லை. ஆயில் எஞ்சினில் ஓடும் கரும்பு ஜூஸ் கடையைப் பார்த்திருக்கிறீர்களா? கரும்பை உள்ளே விட்டதும் எஞ்சின் திணறும். உடனே தானாக முக்கி, பழைய வேகத்துக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் 'கவர்னர்' வேகம் குறைந்ததைக் கண்டுபிடித்து, கூடுதல் எரிபொருள் விடுகிறது.

ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்கு இப்படிப்பட்ட கவர்னரைப் பொருத்தினார். சில கவர்னர்கள் அமைதியாக வேலை செய்தன. சில எஞ்சின்களோ வேகம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தன. ஏன் என்று கணக்குப் போட்டு 1868-ல் கட்டுரை எழுதினார் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளி என்பது மின்காந்த அலை என்று சொன்னாரே, அதே மேக்ஸ்வெல்தான்!

1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்பவர், கப்பலை நேர்வழியில் ஓட்டும் மாலுமி என்ன செய்கிறார் என்று கவனித்து எழுதினார். நாம் பார்த்த மூன்று விதிகளும் அதில் இருந்தன. ஹெலிகாப்டர் இறக்கை செய்யும் சிக்கலில் இருந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனை வளர்ந்து, 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் எண்களால் ஓடும் முதல் மில்லிங் மெஷின் காட்டப்பட்டது. துளை போட்ட காகித நாடாவைப் படித்து அது ஓடியது.

நம் நாட்டில் 1953-ல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் தொடங்கப்பட்டது. கடிகாரத்துக்குப் பெயர் வாங்கிய இந்த நிறுவனம், உண்மையில் லேத், மில்லிங் மெஷின் போன்றவற்றைச் செய்யப் பிறந்தது. நம் கோயம்புத்தூரில் எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் சி.என்.சி. மெஷின்களைத் தயாரிக்கிறது.

செய்து பாருங்கள்!

பொங்கல் விழாவில் கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைப்பீர்களே, அதே விளையாட்டுதான். ஆனால், கம்பும் வேண்டாம், பானையும் வேண்டாம். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு நேர்க்கோடு போடுங்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கோட்டின் மேல் நடக்க வேண்டும். நண்பர் பக்கத்தில் நின்று, கோட்டை விட்டு விலகினால் உடனே 'இடது', 'வலது' என்று சொல்ல வேண்டும். ஓரளவு நேராகவே நடந்துவிடுவீர்கள்.

இப்போது மறுபடியும். இந்த முறை நண்பர் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். என்ன ஆகிறது? பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவீர்கள்! உங்கள் கால் மோட்டார். நண்பரின் கண் என்கோடர். தாமதமானால் ஆட்டம் வரும் என்பது புரிந்ததா? அடுத்த தடவை, ஓர் அடிக்குப் பதில் கால் அடி மட்டும் நகர்ந்து திருத்துங்கள். ஆட்டம் குறையும். அதாவது, நீங்களே கெய்னைக் குறைத்து ட்யூன் செய்துவிட்டீர்கள்!

ஒரு எச்சரிக்கை: நிஜ ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தொடவே கூடாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் சிறிது நேரம் அதன் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். பெரிய மெக்கானிக்குகளே காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

நீங்களும் கற்கலாம்

இந்த வேலையைக் கற்க வெளிநாடு போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவில் சேரலாம். இரண்டு வருடப் பயிற்சி. தமிழக அரசு 2022-ல் ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீன மெஷின்களோடு புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியது. மேலே படிக்க விரும்பினால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன.

கணக்கில் வேகம், தூரம், நேரம் பாடம் வரும்போது 'இது எதற்கு?' என்று அலுத்துக்கொள்கிறீர்களா? எடைக்குப் போக வேண்டிய ஒரு மெஷினைப் பிழைக்க வைப்பது அந்தக் கணக்குதான். அதோடு கொஞ்சம் பொறுமையும், கூர்மையான காதும் வேண்டும்.

அடுத்த முறை பட்டறை வாசலைக் கடக்கும்போது, தள்ளி நின்று காது கொடுத்துக் கேளுங்கள். மெஷின் சீராக ஓடுகிறதா, பாடுகிறதா என்று இனி உங்களாலும் சொல்ல முடியும்!